சோவியத்துக்குப் பின் சுரங்கக் கணக்கு: எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அரசுத் திட்டத்தின் கீழ் இயங்கி, பிறகு சந்தைக்கு மாறிய நாடுகளின் கனிம உற்பத்தி எண்களைத் தேடுகிற மாணவர்கள், பத்திரிகையாளர்கள், உலோக வணிகர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். ரஷ்யா, கஜகஸ்தான், உக்ரைன், கிர்கிஸ்தான், மங்கோலியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே பெரும்பாலான உதாரணங்கள் வருகின்றன.

சோவியத் காலத்தில் கனிமக் கணக்கே எடுக்கவில்லை என்கிறார்களே, உண்மையா?

இல்லை. அளவுக்கு மீறி எடுத்தார்கள், வெளியேதான் விடவில்லை. ஒவ்வொரு சுரங்கமும் தன் அமைச்சகத்துக்கும் புள்ளிவிவரத் துறைக்கும் ஓயாமல் படிவம் அனுப்பியது. தாது இருப்புக்கென்று '5-கெ.ஆர்.' என்ற ஆண்டுப் படிவமே தனியாக உண்டு. அவற்றைத் தொகுத்து ஜனவரி 1 நிலவரப்படி 'அரசு இருப்புக் கணக்கு' தயாரிப்பார்கள்.

நிலக்கரி, இரும்புத் தாது, உருக்கு, சிமென்ட் ஆகியவற்றின் டன் கணக்கை ஆண்டுப் புத்தகத்தில் போட்டார்கள். செம்பு, ஈயம், நிக்கல், தங்கம், வைரம், யுரேனியம் எல்லாம் ரகசியம். போனால் போகிறதென்று விடுவது 'சென்ற ஆண்டைவிட 4 சதவீதம் கூடுதல்' போன்ற ஒரு வரி. அடிப்படை ஆண்டின் டன் எவ்வளவு என்று தெரியாதவருக்கு அந்தச் சதவீதத்தால் பயன் இல்லை.

மூடி வைத்ததால் வெளியில் இருந்தவர்களின் கணிப்பு எவ்வளவு தூரம் விலகிப் போனது என்பதற்குத் தங்கமே சாட்சி. 1991 இலையுதிர்காலத்தில் சோவியத் பொருளாதார அறிஞர் கிரிகோரி யவ்லின்ஸ்கி சோவியத் அரசின் தங்கக் கையிருப்பு சுமார் 240 டன்தான் என்று வெளியிட்டார். மேற்கில் பலர் அதைப்போல் பல மடங்கைக் கணக்கில் வைத்திருந்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் விஸ்முட் யுரேனியச் சுரங்கங்களின் கதையும் அப்படித்தான். 1946 முதல் 1990 வரை அங்கே சுமார் 2,31,000 டன் யுரேனியம் எடுத்திருந்தார்கள் என்பது ஜெர்மனி ஒன்றான பிறகே முழுதாகத் தெரியவந்தது.

சந்தை வந்தால் கணக்கு வெளிப்படையாகும் என்றுதானே எதிர்பார்த்தோம்? ஏன் நேர்மாறாக ஆனது?

சில உலோகங்களில் வெளிப்படையானது, சிலவற்றில் முன்பிருந்ததும் போனது. காரணங்கள் பல, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன.

முதலாவது, படிவத்தை வாங்குகிற ஆளே இல்லாமல் போனார். 1991 டிசம்பரில் ஒரு நாடு 15 நாடுகளானது. மாஸ்கோவிலிருந்த துறை அமைச்சகங்கள் கலைந்தன. தாது ஒரு நாட்டில், உருக்காலை இன்னொரு நாட்டில் என்று இருந்த தொடர்புகள் எல்லையில் வெட்டுப்பட்டன. அதுவரை ஒரே கணக்குக்குள் நடந்த சரக்குப் போக்குவரத்து ஒரே இரவில் 'ஏற்றுமதி' ஆனது. அதைப் பதிவு செய்ய வேண்டிய சுங்கத் துறையோ அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, எண்ணைத் தருகிறவரின் நலன் தலைகீழானது. திட்டக் காலத்தில் இலக்கை எட்டினால்தான் போனஸ் என்பதால் மேலாளர் உற்பத்தியைக் கூட்டிக் காட்டினார். சந்தைக் காலத்தில் உற்பத்திக்கு வரி என்பதால் குறைத்துக் காட்டுவதில் லாபம். ஆக, 1980-களின் எண்ணை ஒரு பக்கமும் 1990-களின் எண்ணை எதிர்ப்பக்கமும் சந்தேகிக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் காணப்படும் வீழ்ச்சியில் ஒரு பகுதி சுரங்கத்தில் நடந்ததல்ல, காகிதத்தில் நடந்தது. பெரும்பகுதி உண்மையான வீழ்ச்சி என்பதையும் மறந்துவிடக்கூடாது.

மூன்றாவது, அரசு ரகசியத்தின் இடத்தில் வணிக ரகசியம் வந்து உட்கார்ந்தது. இது சந்தைப் பொருளாதாரத்தின் சட்டப்படியான நடைமுறைதான். ஒரு பொருளை ஒன்றிரண்டு நிறுவனங்கள் மட்டும் தயாரித்தால், மொத்தத்தை வெளியிடுவது அந்த நிறுவனத்தின் கணக்கையே வெளியிடுவதாகும். அதனால் புள்ளிவிவரத் துறை அந்தக் கட்டத்தை மறைத்துவிடும். சோவியத் பாணித் தொழிலில் ஒரே ஒரு ராட்சத ஆலை என்பதே வழக்கம். ஆகவே இந்த விதி இங்கே மற்ற நாடுகளைவிடக் கூடுதலாகக் கடிக்கிறது.

சரி, இப்போது ஒரு எண் வேண்டும். எங்கே தொடங்குவது?

எண் காணாமல் போகவில்லை, முகவரி மாறியிருக்கிறது. முன்பு அமைச்சகத்தில் இருந்தது இன்று நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும், வரித் துறையிலும், வாங்கிய நாட்டின் சுங்கத்திலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கீழ்க்கண்ட வரிசையில் தேடினால் நேரம் மிச்சமாகும்.

நாட்டின் புள்ளிவிவரத் துறையின் மாத, ஆண்டு வெளியீட்டை முதலில் பாருங்கள், அதுவும் அந்த நாட்டு மொழிப் பதிப்பை. ஆங்கிலப் பதிப்பில் பொருட்களின் பட்டியலைச் சுருக்கிவிடுவார்கள்.

அடுத்து நிறுவனத்தின் உற்பத்தி அறிக்கை. லண்டன், ஹாங்காங், டொராண்டோ பங்குச்சந்தைகளில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் காலாண்டுதோறும் சுரங்க வாரியாக, தாதுத் தரம், மீட்பு விகிதம் (தாதுவிலுள்ள உலோகத்தில் எத்தனை சதவீதம் பிரிந்து வந்தது என்பது) உட்படக் கிடைக்கும். அரசு எந்தக் காலத்திலும் தராத நுணுக்கம் இது. உலோகங்களைப் பொறுத்தவரை சந்தை தந்த மிகப் பெரிய கொடை இந்த அறிக்கைகள்தான் என்பது எங்கள் கருத்து.

மூன்றாவது, பிரித்தெடுப்புத் தொழில் வெளிப்படைத்தன்மை முன்முயற்சியின் (ஈ.ஐ.டி.ஐ.) நாட்டறிக்கைகள். நிறுவனம் கட்டியதையும் அரசு வாங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார்கள், உற்பத்தியும் ஏற்றுமதியும் கூடவே வரும். மங்கோலியா 2010-லும் கஜகஸ்தான் 2013-லும் இதன் விதிகளை நிறைவு செய்த நாடுகளாயின. அஜர்பைஜான் 2009-லேயே அந்த நிலையை எட்டி, 2017-ல் விலகியது. அறிக்கை ஒன்றிரண்டு ஆண்டு தாமதமாக வரும். பொறுமை வேண்டும்.

நான்காவது, உலகத் தொகுப்புகள்: அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கனிம ஆண்டு நூல், பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தின் உலகக் கனிம உற்பத்தி, ஆஸ்திரியா வெளியிடும் உலகச் சுரங்கத் தரவு. மூன்றும் இலவசம். செம்பு, நிக்கல், ஈயம்-துத்தநாகம் என்றால் லிஸ்பனில் இயங்கும் சர்வதேச ஆய்வுக் குழுக்களும் உண்டு. தொகுப்புகள் ஒன்றையொன்று பார்த்தும் எண் எடுப்பதுண்டு என்பதை நினைவில் வையுங்கள். மூன்றிலும் ஒரே எண் இருந்தால் மூன்று சாட்சிகள் என்று ஆகாது. ஒரே சாட்சியை மூவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக, வாங்கிய நாடுகளின் சுங்கக் கணக்கு.

அமெரிக்கத் தொகுப்பில் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய ஆங்கில 'ஈ' (e) எழுத்து இருக்கிறது. அது என்ன?

மதிப்பீடு என்று அர்த்தம். யாரும் அறிவித்த எண் அல்ல, தொகுப்பவர் கணித்தது. 'ஆர்' இருந்தால் பழைய எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள். 'டபிள்யூ' என்றால் நிறுவன ரகசியத்துக்காக மறைத்தது. ஒரு நாட்டுக்கு நான்கைந்து ஆண்டுகள் தொடர்ந்து 'ஈ' போட்டு, எண்ணும் அசையாமல் அப்படியே நின்றால், அங்கே தகவல் வருவது நின்றுவிட்டது என்று கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொண்டு 'உற்பத்தி நிலையாக உள்ளது' என்று எழுதிவிடாதீர்கள். இந்தத் தவறு நாளிதழ்களில் அடிக்கடி கண்ணில் படுகிறது. இன்னொன்று: அடிக்குறிப்பைப் படிக்காமல் அட்டவணையை நகலெடுக்காதீர்கள். இந்த நாடுகளுக்கு அடிக்குறிப்பில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

வாங்கிய நாட்டின் சுங்கக் கணக்கிலிருந்து உற்பத்தியை எப்படிக் கணிப்பது?

விற்றவர் சொல்லாததை வாங்கியவர் சொல்லியிருப்பார் என்பதுதான் இதன் அடிப்படை. ஐ.நா.வின் காம்ட்ரேட் தரவுத்தளம் இதற்குப் போதும்.

பொருளின் நான்கு இலக்கச் சுங்கக் குறியீட்டை எடுங்கள். செம்பு என்றால் தாதுவும் கான்சன்ட்ரேட்டும் (தாதுவை அரைத்து, கழிவை நீக்கிச் செறிவாக்கிய தூள்) 2603, சுத்திகரிக்காத செம்பு 7402, சுத்திகரித்தது 7403, பழைய உலோகம் 7404. நான்கையும் தனித்தனியாகப் பதிவிறக்குங்கள், கலக்கவே கூடாது. அறிவிக்கும் நாடாக 'எல்லோரும்' என்றும், எதிர் நாடாக நீங்கள் ஆராயும் நாட்டையும் கொடுத்து, 'இறக்குமதி'யைத் தேர்ந்தெடுங்கள். மதிப்பை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். இறக்குமதி மதிப்பில் கப்பல் கட்டணமும் காப்பீடும் ஏறியிருக்கும், ஏற்றுமதி மதிப்பில் இருக்காது. அதனால் இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது.

இறக்குமதி எடைகளைக் கூட்டினால் வருவது ஏற்றுமதி மட்டும்தான். உள்நாட்டு நுகர்வையும் கிடங்கிருப்பில் ஏற்பட்ட மாற்றத்தையும் சேர்த்து, இறக்குமதியைக் கழித்தால்தான் உற்பத்தியை நெருங்கலாம்.

பிசகுகிற இடங்கள் இவை. சரக்கு வந்த நாடு வேறு, தோன்றிய நாடு வேறு. 1990-களின் தொடக்கத்தில் எஸ்டோனியா இரும்பல்லாத உலோகங்களின் பெரிய ஏற்றுமதியாளராகப் பட்டியலில் நின்றது. அந்த நாட்டில் செம்புச் சுரங்கமும் இல்லை, நிக்கல் சுரங்கமும் இல்லை. ரஷ்ய உலோகம் தாலின் துறைமுகம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ராட்டர்டாம் கிடங்குகள் வழியாகப் போகும் சரக்கு நெதர்லாந்தின் பெயரில் இரண்டாம் முறை எண்ணப்படுவதும் உண்டு. கான்சன்ட்ரேட் ஈரத்தோடு எடை போட்டதா, உலர் எடையா என்பது இன்னொரு சிக்கல். கப்பல் டிசம்பரில் கிளம்பி பிப்ரவரியில் சேர்ந்தால் ஆண்டே மாறிவிடும். இந்தியா வாங்குகிற சரக்கென்றால் நம் வணிகக் கணக்கின் ஏப்ரல்-மார்ச் ஆண்டை மாத வாரியாகப் பிரித்துக் காலண்டர் ஆண்டாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

'டோலிங்' என்ற சொல் ரஷ்ய அலுமினியக் கணக்கில் ஏன் அடிக்கடி வருகிறது?

நெல்லைக் கொண்டுபோய்க் கொடுத்து, கூலி கட்டி, அரிசியாக வாங்கி வருகிறோமே, அதேதான். வெளிநாட்டு வணிகர் அலுமினாவை (அலுமினியம் எடுக்கும் வெள்ளைத் தூள்) சைபீரிய உருக்காலைக்கு அனுப்பினார். ஆலை கூலிக்கு உருக்கிக் கொடுத்தது. உலோகம் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை வணிகருடையது. டன் கணக்கில் பிரச்சினை இல்லை, உலோகம் உலோகம்தான். பண மதிப்பில்தான் வரும் வினை. ஆலையின் புத்தகத்தில் உருக்கிய கூலி மட்டும் வருமானமாகப் பதிவாகும், உலோகத்தின் முழு விலை ஏறாது. அதனால் உற்பத்தி மதிப்பைப் பார்த்தால் தொழில் சுருங்கிப் போனதுபோல் தெரியும்.

அதே காலத்தில் ராணுவத் தேவை வற்றிப்போய், ரஷ்ய அலுமினியம் உலகச் சந்தையில் கொட்டியது, விலை சரிந்தது. 1994 ஜனவரியில் ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம், நார்வே, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஆறு தரப்பும் பிரஸ்ஸல்ஸில் கூடிப் பேசின. ரஷ்யா தன் ஆண்டு உற்பத்தியில் 5 லட்சம் டன் குறைக்க ஒப்புக்கொண்டது. எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு ஏற்றுமதி என்று தெரியாமல் இப்படி ஒரு பேரத்தைக் கண்காணிக்கவே முடியாது.

ஒரே சுரங்கத்துக்கு மூன்று இடத்தில் மூன்று எண். எது சரி?

மூன்றும் சரியாக இருக்கலாம். தோண்டிய தாது, கான்சன்ட்ரேட், அதிலுள்ள உலோகம், உருக்கிக் கிடைத்த உலோகம் என்று நான்கு படிகள் உண்டு. யார் எந்தப் படியில் எண்ணினார் என்று கேளுங்கள்.

மங்கோலியாவைப் போலக் கான்சன்ட்ரேட்டாகவே விற்கிற நாட்டை எடுத்துக்கொள்வோம். (அங்கே எர்தெனெத் 1978 முதல் இயங்குகிறது. ஒயு தோல்கோய் 2013-ல் ஏற்றுமதியைத் தொடங்கியது.) ஒரு கணக்குக்காக, 1,00,000 டன் ஈரக் கான்சன்ட்ரேட், ஈரப்பதம் 8 சதவீதம், செம்பு 24 சதவீதம் என்று வையுங்கள். உலர் எடை 92,000 டன். அதிலுள்ள செம்பு 22,080 டன். உருக்காலை 96.5 சதவீதத்துக்குத்தான் பணம் தரும் என்றால் விலை கிடைக்கிற செம்பு சுமார் 21,307 டன். சுங்கத் துறை 1,00,000 என்று எழுதும், புள்ளிவிவரத் துறை 92,000 என்று எழுதலாம், உலகத் தொகுப்பு 22,080 என்று எழுதும், நிறுவனத்தின் விற்பனை அறிக்கை 21,307 என்று எழுதும். நான்கில் ஒன்றும் பொய்யில்லை.

உலக ஒப்பீட்டுக்குச் சுரங்க நிலையில் 'அதிலுள்ள உலோகம்' என்ற எண்ணைப் பயன்படுத்துங்கள். சுத்திகரித்த உலோகத்தின் கணக்கில் பழைய உலோகத்திலிருந்து வந்ததும், பக்கத்து நாட்டுத் தாதுவிலிருந்து வந்ததும் கலந்திருக்கும்.

சீனாவின் இரும்புத் தாது உற்பத்தி 2014-ல் 150 கோடி டன் என்று ஓரிடத்தில், அதில் கால் பங்குகூட இல்லை என்று இன்னோரிடத்தில் இருக்கிறதே?

150 கோடி என்பது தோண்டியெடுத்த கச்சாத் தாது. ஆஸ்திரேலியாவும் பிரேசிலும் சொல்வது விற்பனைக்குத் தயாரான தாது. சீனத் தாதுவின் தரம் மட்டம். 25 சதவீத இரும்புள்ள 100 டன் கச்சாத் தாதுவில், முக்கால் பங்கு இரும்பை மீட்டால் 18.75 டன் இரும்பு வரும். அதை 64 சதவீதக் கான்சன்ட்ரேட்டாகச் சொன்னால் சுமார் 29 டன். தரம் 20 சதவீதமாகவோ அதற்குக் கீழோ இறங்கினால் இன்னும் குறையும். கச்சாத் தாதுவை அப்படியே சேர்த்த பழைய உலகத் தொகுப்புகளில் சீனா முதலிடத்தில் இருக்கும். பின்னாளில் அமெரிக்கத் தொகுப்பும் விற்பனைத் தாது அடிப்படைக்கு மாறியது. இந்த மாற்றம் தெரியாமல் இரண்டு பதிப்புகளை ஒட்டினால், சீனாவில் சுரங்கங்கள் பாதிக்குமேல் மூடிவிட்டதாக ஒரு வரைபடம் கிடைக்கும்!

வேறு எந்தெந்தக் கனிமங்களில் அலகு ஏமாற்றும்?

பொட்டாஷ்: ரஷ்யாவும் பெலாரசும் பொட்டாசியம் ஆக்சைடு அளவில் சொல்லும் வழக்கம் உண்டு. நிறுவனங்கள் பொட்டாசியம் குளோரைடு டன்னில் சொல்லும். உரத்தில் ஆக்சைடு அளவு 60 சதவீதம் என்று வைத்தால் 10 லட்சம் டன் உரம் 6 லட்சம் டன் ஆக்சைடு.

அலுமினியத் தாது: உலகம் முழுவதும் பாக்சைட் என்றால், இங்கே நெஃபலின் என்ற வேறொரு கனிமமும் உண்டு. சைபீரியாவின் அச்சின்ஸ்க் ஆலை நெஃபலினிலிருந்துதான் அலுமினா எடுக்கிறது. பாக்சைட்டை மட்டும் கூட்டிவிட்டு 'அலுமினா எங்கிருந்து வந்தது?' என்று திகைக்க வேண்டாம்.

நிலக்கரி: கஜகஸ்தானின் எகிபாஸ்துஸ் கரியில் சாம்பல் மட்டும் சுமார் 40 சதவீதம். ஒரு கிலோவுக்கு 4,000 கிலோகலோரி என்றால், எரிபொருள்களை ஒப்பிடுவதற்கென்று வைத்த, 7,000 கிலோகலோரி கொண்ட 'நிபந்தனை எரிபொருள்' கணக்கில் ஒரு டன் 0.57 டன்னாகிவிடும். கழுவாத கரியா, கழுவிய கரியா என்றும் பாருங்கள்.

தங்கத்துக்கு ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1035 கிராம். சமையலறை அவுன்ஸ் வேறு.

இருப்பைப் பற்றி: ஏ+பி+சி1 என்பதை மேலை நாட்டு 'ரிசர்வ்' என்று எழுதலாமா?

கூடாது. சோவியத் முறையில் ஏ, பி, சி1, சி2 என்று பிரித்தது அந்தத் தாதுவை எவ்வளவு நெருக்கமாகத் துளையிட்டு அறிந்திருக்கிறோம் என்பதை வைத்து. பி1, பி2, பி3 என்பவை வெறும் கணிப்பு வளங்கள் (பி என்ற எழுத்து ஒன்றாகத் தெரிந்தாலும், ரஷ்ய எழுத்தில் இரண்டும் வேறு). வெட்டியெடுக்கும்போது ஏற்படும் இழப்பையும் கழிவுப் பாறை கலப்பதையும் அந்த எண்ணில் கழித்திருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் ஜோர்க் போன்ற விதிகளில் 'ரிசர்வ்' என்றால் இன்றைய விலையில், இன்றைய செலவில், லாபத்தோடு வெட்டக்கூடியது மட்டும்.

தோராயமாக ஏ-யும் பி-யும் 'அளந்த வளம்', சி1 'சுட்டிய வளம்', சி2 'ஊகித்த வளம்' என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றுமே வளம்தான், ரிசர்வ் அல்ல. ஒரு நிறுவனம் 1970-களின் ஏ+பி+சி1 எண்ணை இன்றும் ரிசர்வ் என்று விளம்பரம் செய்தால், முதலீடு செய்கிறவர் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். கஜகஸ்தான் 2016-ல் தன் 'காஸ்ஆர்சி' விதித்தொகுப்போடு, ஜோர்க் போன்ற விதிகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பில் சேர்ந்தது. அதன் புதிய நிலத்தடி வளச் சட்டம் 2018-ல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஒரே நாட்டில் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு வகை எண்களையும் சந்திப்பீர்கள்.

பழைய தொடரையும் புதிய தொடரையும் ஒரே வரைபடத்தில் ஒட்டலாமா?

நான்கு விஷயங்களைப் பார்த்த பிறகு ஒட்டலாம்.

எல்லை: 2014 முதல் உக்ரைனின் எண்களில் கிரிமியாவும் டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளில் ஒரு பாகமும் இல்லை. நிலக்கரிக்கு இது உயிர்நாடியான மாற்றம்.

தொழில் வகைப்பாடு: ரஷ்யா 2005-ல் பழைய சோவியத் பகுப்பை விட்டு ஐரோப்பியப் பாணிக்கு மாறியது, 2017-ல் மறுபடி பதிப்பு மாற்றியது. ஐரோப்பிய வகைப்பாட்டின் முதல் திருத்தத்தில் சுரங்கத் தொழில் 'சி' பிரிவு, இரண்டாம் திருத்தத்தில் 'பி'. எழுத்தை மட்டும் பார்த்துப் பதிவிறக்கினால் ஆலை உற்பத்தித் தொழிலின் தரவு வந்து நிற்கும். காரணம், புதிய 'சி' அதுதான்.

அளவு வரம்பு: சீனா குறிப்பிட்ட வருமானத்துக்கு மேற்பட்ட நிறுவனங்களைத்தான் மாதாமாதம் எண்ணுகிறது. அந்த வரம்பு 2011-ல் 50 லட்சம் யுவானிலிருந்து 2 கோடி யுவானாக உயர்ந்தது. சிறு சுரங்கங்கள் கணக்கிலிருந்து விழுந்தன, தரையிலிருந்து மறையவில்லை.

பின்திருத்தம்: இதற்குச் சீன நிலக்கரியைவிடப் பெரிய பாடம் கிடையாது. 1990-களின் கடைசியில் சிறு சுரங்கங்களை மூடச் சொல்லி மேலிடம் உத்தரவிட்டது. மூடியதாக அறிக்கை போனது, வெட்டுவது தொடர்ந்தது. 2000-ம் ஆண்டு உற்பத்தி முதலில் சுமார் 100 கோடி டன் என்று வெளியானது. பொருளாதாரக் கணக்கெடுப்புகளுக்குப் பின் திருத்தித் திருத்தி இன்று அதே ஆண்டுக்கு சுமார் 138 கோடி டன் என்று நிற்கிறது. எந்த ஆண்டின் எண் என்பதோடு, எந்த ஆண்டுப் புத்தகத்தில் வந்த எண் என்பதையும் குறித்து வையுங்கள்.

பண மதிப்பை நம்பலாமா, டன்னையா?

1990-களுக்கு டன்தான். விலைவாசி மாதத்துக்கு மாதம் பறந்தது. ரஷ்யாவில் 1998 வாக்கில் தொழில்துறை விற்பனையில் பாதி பண்டமாற்றாக நடந்தது. கரிக்கு மின்சாரம், மின்சாரத்துக்கு உருக்கு என்ற பேரத்தில் எழுதிய விலைக்குப் பொருள் குறைவு.

ஒரே சுரங்கம் நாட்டின் மொத்தக் கணக்கையே ஆட்டுவதும் உண்டு. கிர்கிஸ்தானில் கும்தோர் தங்கச் சுரங்கம் 1997-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பங்கு அவ்வளவு பெரியது என்பதால் அந்த நாட்டுப் புள்ளிவிவரக் குழு மொத்த உள்நாட்டு உற்பத்தியை 'கும்தோருடன்', 'கும்தோர் நீங்கலாக' என்று இரண்டாக வெளியிட்டு வந்தது. எல்லா நாடுகளும் பின்பற்ற வேண்டிய நேர்மையான வழக்கம் இது.

சிறு தங்கச் சுரங்கங்களும் கடத்தலும் கணக்கில் எப்படி வரும்?

பெரும்பாலும் வராது. வந்தாலும் வரிச் சட்டத்தின் நிழலாகத்தான் வரும். மங்கோலியாவில் 'நிஞ்சா' என்று அழைக்கப்படும் கைச்சுரங்கக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தங்கம் அரித்தார்கள். முதுகில் தொங்கும் பச்சை பிளாஸ்டிக் பேசின் கார்ட்டூன் ஆமையின் ஓட்டைப்போல் இருந்ததால் வந்த பெயர் அது. 2006-ல் அரசு செம்பு, தங்கம் விலை ஒரு வரம்பைத் தாண்டினால் 68 சதவீத வரி என்று சட்டம் போட்டது. அதிகாரபூர்வ விற்பனை சுருங்கியது, தங்கம் எல்லை தாண்டியது. பிறகு அந்த வரியை நீக்கி, மத்திய வங்கிக்கு விற்பவருக்கு ராயல்டியை 2014-ல் 2.5 சதவீதமாக்கியதும் வங்கியின் கொள்முதல் ஏறியது. மலையில் தங்கம் கூடவோ குறையவோ இல்லை. ஆகவே தங்கத் தொடரைப் பார்க்கும்போது பக்கத்தில் வரிச் சட்டத்தின் தேதிகளையும் எழுதி வையுங்கள்.

கணக்கை மறைத்தால் யாருக்கு நஷ்டம்?

பல்லேடியத்தைப் பாருங்கள். கார்ப் புகையைச் சுத்திகரிக்கும் கருவிக்கு வேண்டிய உலோகம் அது. உலகின் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து வந்தது. 1993-ன் அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் பிளாட்டினக் குடும்ப உலோகங்களின் இருப்பும் உற்பத்தியும் 2000-களின் நடுப்பகுதி வரை மூடியே இருந்தன. சுரங்கத்திலிருந்து எவ்வளவு வருகிறது, அரசுக் கிடங்கிலிருந்து எவ்வளவு விற்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. ஏற்றுமதி அனுமதி தாமதமானபோதெல்லாம் சந்தை பதறியது. 2001 ஜனவரியில் விலை அவுன்சுக்கு 1,000 டாலரைத் தாண்டி, பின் சரிந்தது. உச்சத்தில் வாங்கிக் குவித்த ஒரு பெரிய அமெரிக்கக் கார் நிறுவனம் மறு ஆண்டு சுமார் 100 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. புள்ளிவிவரம் ஏதோ அலுவலகத்துக் காகித விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பில்லைக் காட்டலாம்.

2022-க்குப் பிறகு ரஷ்யா?

பின்னோக்கிப் போயிருக்கிறது. 2022 வசந்தத்தில் விரிவான வெளிநாட்டு வணிகக் கணக்கை வெளியிடுவது நின்றது. 2023 ஏப்ரலில் எண்ணெய் உற்பத்தி எண்களும் நின்றன. எண்ணெய் இருப்பை அரசு ரகசியப் பட்டியலிலிருந்து எடுத்தது 2013-ல்தான் என்பதை நினைத்தால், அந்தக் கதவு எவ்வளவு குறுகிய காலம் திறந்திருந்தது என்பது மனதை உறுத்துகிறது. இப்போது வாங்கும் நாடுகளின் சுங்கமும், கப்பல் நடமாட்டமும், இன்னும் அறிக்கை விடும் நிறுவனங்களும்தான் வழி. உக்ரைனிலும் போர்க்காலச் சட்டம் நிறுவனங்களுக்குப் படிவம் தள்ளிப்போட அனுமதி தந்தது. அந்த ஆண்டுகளின் எண்களைத் தற்காலிகமானவையாகவே கருதுங்கள்.

ரஷ்ய மொழி தெரியாது. அட்டவணையை எப்படிப் படிப்பது?

சில சொற்கள் போதும். 'தபீச்சா' என்றால் தோண்டியெடுப்பு, 'ப்ரயிஸ்வோத்ஸ்த்வோ' என்றால் தயாரிப்பு, 'ருதா' தாது, 'ஸபாசி' இருப்பு. அலகில் 'தீஸ்' ஆயிரம், 'மில்ன்' பத்து லட்சம், 'மில்ர்த்' நூறு கோடி. இதைவிட முக்கியம், அங்கே தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி போடுவார்கள், ஆயிரத்துக்கு இடைவெளி விடுவார்கள். '1,250' என்றால் ஒன்றேகால், ஆயிரத்து இருநூற்று ஐம்பது அல்ல. எக்செல்லில் ஒட்டும்போது இது தானாக மாறி, ஒரு நெடுவரிசையே ஆயிரம் மடங்கு வீங்கிவிடும். ஒட்டியதும் மொத்தத்தை மூல அட்டவணையின் மொத்தத்தோடு ஒருமுறை ஒப்பிட்டால் பிடித்துவிடலாம்.

எங்கே தேடியும் எண் கிடைக்கவில்லை. கட்டத்தில் என்ன போடுவது?

பூஜ்யம் போடாதீர்கள். உற்பத்தியே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் சிறு கோடு, தகவல் இல்லை என்றால் மூன்று புள்ளி, நீங்களே கணித்தது என்றால் எண்ணோடு 'ம' என்ற குறியும் கீழே கணித்த முறையும். ஒவ்வொரு எண்ணுக்கும் எந்தப் படி (தாது, கான்சன்ட்ரேட், உலோகம்), ஈர எடையா உலர் எடையா, எந்த எல்லைக்குட்பட்டது, எந்தத் தேதியில் எந்த வெளியீட்டிலிருந்து எடுத்தது என்று நான்கு நெடுவரிசைகள் கூடுதலாக வையுங்கள். அடுத்த ஆண்டு அந்த எண்ணைத் திருத்தினால் பழையதை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள்.